தேர்தலில் அடி வாங்கிய ஆட்சித் தலைவர் முன்னால் இருக்கும் வழிகள்: எது நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவரும், எது நாளைக் கடத்த மட்டும் உதவும்?

ஆட்சியில் இருந்துகொண்டே தோற்பது தனி ரகமான தோல்வி. மொத்தமாகத் தோற்றுவிட்டால் வீட்டுக்குப் போய் யோசிக்க ஐந்து வருடம் கிடைக்கும். ஆனால் ஓர் இடைத்தேர்தலிலோ, உள்ளாட்சித் தேர்தலிலோ, வேறோர் அவைக்கான தேர்தலிலோ பலமான அடி விழுந்து நாற்காலி மட்டும் மிச்சம் இருக்கும்போது, மறுநாள் காலையில் அதே அலுவலகத்துக்குப் போய் அதே கோப்புகளில் கையெழுத்துப் போட வேண்டும், எதிரில் நிற்கும் அதிகாரியிலிருந்து சொந்தக் கட்சி உறுப்பினர் வரை எல்லார் முகத்திலும் 'இவர் இன்னும் எத்தனை நாள்' என்ற கேள்வி எழுதி ஒட்டியிருக்கும்.

அந்த நேரத்தில் தலைவரிடம் வந்து சேரும் யோசனைகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அமைச்சர்களை மாற்றுங்கள். மக்களுக்குப் பிடிக்காத முடிவை வாபஸ் வாங்குங்கள். புதிதாக ஒரு நலத்திட்டம் அறிவியுங்கள். எதையும் மாற்றாமல் உறுதியாக நில்லுங்கள். அவையைக் கலைத்துவிட்டு மக்களிடமே போங்கள். இல்லையென்றால் தவறை ஒப்புக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். இந்த ஆறையும் யாரோ ஒருவர் செய்து பார்த்திருக்கிறார், விளைவும் நமக்குத் தெரியும், அதனால் ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பாதி ஓட்டை மீட்கும் வழிகள், நம்பிக்கையை மீட்கும் வழிகள் கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு தேர்தலில் எழுந்தவர் அடுத்ததில் மறுபடி விழுகிறார். நம்பிக்கை திரும்ப வேண்டுமானால் தலைவர் தனக்கே வலிக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் மக்கள் எந்தக் குறையைச் சொன்னார்களோ அந்தக் குறைக்கு நேராக. அமைச்சரைப் பலி கொடுப்பதும் கருவூலத்தைத் திறப்பதும் தலைவருக்கு அவ்வளவாக வலிக்காது, அதனால்தான் அவை முதலில் மனதுக்கு வருகின்றன.

முதலில் போனது என்ன என்று பார்க்க வேண்டும்

நம்பிக்கை போய்விட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் மூன்று விதமாகப் போகும். 'இவருக்கு வேலை தெரியவில்லை' என்று மக்கள் நினைப்பது ஒன்று. 'இவர் பொய் சொல்கிறார், இவர் ஆட்கள் சாப்பிடுகிறார்கள்' என்று நினைப்பது இன்னொன்று. மூன்றாவது, 'இவர் நம்மை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை' என்பது. மூன்றாவதைத்தான் தலைவர்கள் அதிகம் கவனிக்கத் தவறுகிறார்கள், ஏனென்றால் அது கருத்துக்கணிப்பில் விலைவாசி என்றும் சாலை என்றும் வேறு பெயர்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிரிட்டனில் ஒரே கட்சிக்கு, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு, இரண்டு வருட இடைவெளியில் இரண்டு விதமாக நம்பிக்கை போனதைப் பார்க்கலாம். பிரதமர் மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த தலைவரி, அதாவது வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் ஒரே அளவு வரி, 1989ல் ஸ்காட்லாந்திலும் 1990ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. மாளிகையில் இருப்பவருக்கும் அவர் வீட்டைப் பெருக்குகிறவருக்கும் ஒரே தொகை என்பதை மக்கள் அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1990 மார்ச்சில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர், அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் என்று பத்திரமான தொகுதிகள் இடைத்தேர்தலில் கைவிட்டுப் போயின, நவம்பரில் தாட்சரே போனார். அடுத்து வந்த ஜான் மேஜர் அந்த வரியை எடுத்துவிடுவதாக 1991 மார்ச்சில் அறிவிக்க வைத்து, 1992 ஏப்ரல் பொதுத்தேர்தலில் ஜெயித்தார். அவமதிப்பு என்ற காயத்துக்கு அது நேரான மருந்து.

அதே மேஜர் ஐந்தே மாதத்தில், 1992 செப்டம்பர் 16 அன்று, ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று கட்டிவைத்திருந்த நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து பவுண்டு வெளியேற வேண்டிவந்த நாளில், வேலை தெரிந்த கட்சி என்ற பெயரை இழந்தார். நிதியமைச்சர் அன்றே விலகவில்லை, அடுத்த வருடம் மே மாதம்தான் பதவியைவிட்டுப் போனார். 1997 தேர்தல் நேரத்தில் பொருளாதாரம் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்கான நற்பெயரைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை, கட்சி 165 இடங்களுக்குச் சுருங்கியது. வரியை எடுத்ததுபோல இதில் எடுத்துவிடுவதற்கு ஒன்றும் இல்லை. திறமை மேல் போன நம்பிக்கை வேலை செய்துகாட்டினால் மட்டும் திரும்பிவிடாது, யாராவது பொறுப்பேற்றார்களா என்பதையும் மக்கள் பார்க்கிறார்கள்.

அமைச்சர்களை மாற்றுவது

எல்லாரும் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். ஒரே நாளில் செய்துவிடலாம், மறுநாள் தலைப்புச் செய்தி 'தோல்வி' என்பதிலிருந்து 'புதிய அமைச்சரவை' என்று மாறிவிடும்.

1962 மார்ச்சில் ஆர்பிங்டன் இடைத்தேர்தலில் தோற்று, அடுத்தடுத்து சரிவைப் பார்த்த பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன், ஜூலை 13 அன்று நிதியமைச்சர் செல்வின் லாய்ட் உட்பட ஏழு அமைச்சர்களை ஒரே நாளில் வெளியேற்றினார், அமைச்சரவையில் மூன்றில் ஒரு பங்கு. உறுதியான தலைவர் என்று பெயர் வரும் என்று நினைத்திருப்பார். பதறிப்போனவர் என்றுதான் பெயர் வந்தது. மக்கள் கேட்டது பொருளாதாரக் கொள்கையில் மாற்றம், அந்தக் கொள்கைக்குத் தலைமை தாங்கியவரோ அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் அவர் பதவி விலகினார், 1964ல் கட்சி ஆட்சியை இழந்தது.

இதற்குப் பக்கத்தில் காமராஜர் திட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேக்மில்லன் செய்ததற்கு அது நேர் எதிர். 1963ல் அம்ரோஹா, ஃபரூக்காபாத், ராஜ்கோட் மூன்று மக்களவை இடைத்தேர்தல்களிலும் காங்கிரஸ் தோற்று, கிருபளானி, லோகியா, மினு மசானி என்று நேருவின் கடுமையான விமர்சகர்கள் மூவரும் உள்ளே வந்தார்கள். சீனப் போர் தோல்வியின் கசப்பு வேறு ஆறவில்லை. மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று யோசனை சொன்ன காமராஜர், முதலில் தன் முதலமைச்சர் பதவியையே கொடுத்தார். ஆறு மாநில முதலமைச்சர்கள், மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன் ராம் உட்பட ஆறு மத்திய அமைச்சர்கள் போனார்கள். யோசனை சொன்னவரே முதலில் இறங்கியதால் அந்தச் செயலில் இருந்த நேர்மையை யாரும் சந்தேகிக்க முடியவில்லை. இன்றைக்கும் அதைப் படிக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

ஆனாலும் அது பலிக்கவில்லை. நான்கே வருடத்தில், 1967ல், சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, காமராஜரே விருதுநகரில் தோற்றார். 1965 மொழிப் போராட்டம், உணவுத் தட்டுப்பாடு, அரிசி விலை என்று காரணங்கள் பல, அவற்றில் ஒன்றைக்கூட ஆள்மாற்றம் தொடவில்லை. அதைவிட முக்கியமாக, மக்கள் நம்பிய ஆளே ஆட்சியிலிருந்து இறங்கிப்போனார். மாநிலத்தில் காங்கிரஸ் அரசு மேல் இருந்த நம்பிக்கையில் பெரும்பகுதி அந்த ஒரு மனிதர் மேல் இருந்த நம்பிக்கை. முகங்களை மாற்றும்போது 'யாரைப் பிடிக்கவில்லை' என்று மட்டும் பார்க்கிறார்கள். யார் போனால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் கூடவே போகும் என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே அமைச்சர் மாற்றத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். புகார் குறிப்பிட்ட ஒரு துறை மேல் இருந்து, அந்தத் துறையின் கொள்கையும் சேர்ந்து மாறுகிறது என்றால் அது வேலை செய்யும். தனியாகச் செய்தால் ஒரு வாரத்துச் செய்தி.

பிடிக்காத முடிவை வாபஸ் வாங்குவது

இது முந்தையதைவிடத் தலைவருக்கு அதிகம் வலிக்கும், அதனால் மதிப்பும் அதிகம். தமிழ்நாட்டில் 2004ல் நடந்ததைப்போல இதற்குத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். அந்த வருட மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து 40 இடங்களும் திமுக கூட்டணிக்குப் போயின, ஆட்சியில் இருந்த ஜெயலலிதாவின் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. முடிவு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ரத்து, விவசாயிகளுக்கு மறுபடி இலவச மின்சாரம், வேலைநிறுத்தத்தில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர்கள் மேல் இருந்த நடவடிக்கைகள் வாபஸ், பத்திரிகைகள் மேல் போட்ட வழக்குகள் வாபஸ் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. எதற்கும் பின்வாங்காதவர் என்ற பெயரே அவருடைய அரசியல் மூலதனமாக இருந்த நிலையில், அவர் பின்வாங்கினார்.

பலன் இருந்தது. 2005 மே மாதம் காஞ்சிபுரம், கும்மிடிப்பூண்டி இடைத்தேர்தல்கள் இரண்டிலும் அதிமுக ஜெயித்தது. பூஜ்யத்திலிருந்து ஒரே வருடத்தில் அப்படி எழுந்ததற்குச் சுனாமி நிவாரணப் பணியும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் 2006 சட்டமன்றத் தேர்தலில் அவர் கூட்டணிக்கு 69 இடங்கள், ஆட்சி போய்விட்டது. துடைத்தெறியப்படவில்லை, ஆனால் நம்பிக்கை முழுதாகத் திரும்பவும் இல்லை.

ஏன்? வாபஸ் வாங்கும்போது மக்கள் மனதில் இரண்டு எண்ணம் ஒன்றாக வரும். 'கேட்டுக்கொண்டார்' என்பது ஒன்று, 'தோற்றதால்தானே கேட்டார், ஜெயித்திருந்தால் கேட்டிருப்பாரா' என்பது இன்னொன்று. பத்து முடிவுகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றால் இரண்டாவது எண்ணம் பலமாகிவிடுகிறது. வேலை போன ஊழியர் வேலை திரும்பக் கிடைத்ததற்கு நன்றி சொல்வார், வேலையைப் பறித்த நாளை மறக்க மாட்டார். மேஜருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர் ரத்து செய்தது தாட்சர் கொண்டுவந்த வரி. போட்ட கையே அவிழ்க்க வேண்டும் என்றால், 'இதில் நான் தவறாக யோசித்தேன், தவறு இந்த இடத்தில் நடந்தது' என்று சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் பாதிக்கப்பட்டவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசிச் செய்ய வேண்டும். வெறும் அரசாணை நிவாரணம் கொடுக்கும், மரியாதையைக் கொடுக்காது.

கையில் பணம் கொடுப்பது

இதைப் பற்றி எழுதும்போது நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் நலத்திட்டம் என்றாலே லஞ்சம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மாதம் ஒரு தொகை சொந்தக் கணக்கில் வருவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அப்படி ஒரு தொகை எப்போதும் வந்துகொண்டிருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்குப் புரியாது.

ஓட்டு என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் இதைவிட வேகமான வழி இல்லை. மகாராஷ்டிராவில் 2024 மக்களவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி 48ல் 17 இடங்களைத்தான் பிடித்தது. அந்த ஜூன் மாதக் கடைசியில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் திட்டத்தை அறிவித்து, ஆகஸ்டிலேயே கொடுக்க ஆரம்பித்து, நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் மூன்று முக்கியக் கட்சிகளும் சேர்ந்து 288ல் 230 இடங்களை எடுத்தார்கள். வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு, இருந்தாலும் இந்தத் திட்டத்தின் பங்கை யாரும் மறுப்பதில்லை.

சரி, நம்பிக்கை? தேர்தலுக்குப் பிறகு தகுதி சரிபார்ப்பு தொடங்கி லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. தொகையை 2,100 ஆக்குவோம் என்ற வாக்குறுதி காத்திருப்பில் போனது. தகுதி இல்லாதவரை நீக்குவதில் தவறில்லை என்று வாதாடலாம். ஆனால் ஓட்டுக்கு முன் கேட்காத கேள்வியை ஓட்டுக்குப் பின் கேட்டால் அந்த ஒழுங்கு யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. அவசரத்தில் பிறந்த திட்டம் எதுவும் இந்த இடத்தில் வந்து முட்டும். வருட வருடம் கொடுக்க நிதி இருக்கிறதா, பட்டியல் ஒழுங்காகத் தயாரானதா என்று பார்த்து நிதானமாகத் தொடங்கிய திட்டம்தான் நம்பிக்கையாக மாறும். அதற்குக் கையில் இரண்டு வருடமாவது வேண்டும், தேர்தலுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அது முடியாது.

இன்னொன்று, போனது நேர்மை மேல் உள்ள நம்பிக்கை என்றால் பணம் அதைத் தொடவே தொடாது. வாங்கிக்கொண்டே திட்டுவார்கள், அப்படித் திட்டும் உரிமை அவர்களுக்கு முழுக்க உண்டு.

மாறாமல் நிற்பது

இதை ஆணவம் என்று சட்டென ஒதுக்கிவிடக் கூடாது. தோல்விக்குக் காரணமான முடிவே சரியான முடிவாக இருந்தால் என்ன செய்வது?

2010 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையில் ஒபாமாவின் கட்சி 63 இடங்களைப் பறிகொடுத்தது. மறுநாளே பத்திரிகையாளர்கள் முன் வந்து பலமான அடி என்று ஒப்புக்கொண்டார், ஆனால் அந்த மார்ச்சில் கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2012ல் மறுபடி ஜெயித்தார். 2013 அக்டோபரில் காப்பீட்டில் சேர்வதற்கான அரசு இணையதளம் தொடங்கிய அன்றே படுத்துவிட்டது, இருக்கிற காப்பீட்டை விரும்பினால் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கொடுத்திருந்த உறுதிமொழியும் பலருக்குப் பொய்த்தது. அதற்காக அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2014ல் மேல்சபையும் போனது. ஆனால் 2017ல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து அந்தச் சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தபோது, அதற்குள் அதனால் பலன் பெற்றிருந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள், மேல்சபையில் முயற்சி தோற்றது.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் எதில் நின்றார் எதில் இறங்கினார் என்று பிரித்துப் பார்க்க முடிவதுதான். சட்டத்தில் நின்றார், அதை நடத்திய விதத்தில் தவறு என்றார். உறுதியாக நிற்கிறோம் என்று சொல்லும் பெரும்பாலான தலைவர்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கொள்கை மேல் குறை சொன்னாலும் எதிரி, இணையதளம் திறக்கவில்லை என்று சொன்னாலும் எதிரி. அப்புறம் விலை இருக்கிறது, அவர் கட்சி கீழ்ச்சபையை 2018 வரை மீட்கவில்லை, எட்டு வருடம். பலன் மக்கள் கைக்கு வந்துசேரும்வரை தாக்குப்பிடிக்கக் காலம் இருக்கிறவர் மட்டும் இந்த வழியை எடுக்கலாம். பலன் வருவதற்கு முன்னாலேயே தேர்தல் வந்துவிடும் என்றால் வழக்கில் நியாயம் இருந்தும் சாட்சி வராத கதைதான்.

கலைத்துவிட்டு மக்களிடம் போவது

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம், ஏனென்றால் இது நம்பிக்கையை மீட்கும் வழியே கிடையாது, இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் வழி. ஜெர்மனியில் ஷ்ரோடர் 2005 மே மாதம், தன் கட்சி 39 வருடம் தொடர்ந்து ஆண்ட நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தை இழந்ததும் முன்கூட்டியே தேர்தலுக்குப் போனார், செப்டம்பர் தேர்தலில் ஒரு சதவீத வித்தியாசத்தில் பின்தங்கினார், நவம்பரில் ஆட்சித் தலைவர் பதவி மெர்க்கலுக்குப் போனது. பிரான்ஸில் மேக்ரோன் 2024 ஜூன் 9 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அடி வாங்கிய அதே இரவில் அவையைக் கலைத்தார். சொந்தக் கட்சிக்காரர்களே அதிர்ந்துபோனார்கள். புதிய அவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, டிசம்பரில் பிரதமர் பார்னியேயின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது, 1962க்குப் பிறகு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் அவருக்குப் பின் வந்த பிரதமர் பைரூவும் போனார்.

ஸ்பெயினில் சான்செஸுக்கு மட்டும் பலித்தது என்று சொல்வார்கள். 2023 மே 28 உள்ளாட்சி, பிராந்தியத் தேர்தல்களில் தோற்று, மறுநாளே ஜூலை 23 பொதுத்தேர்தல் என்று அறிவித்தார். எதிர்க்கட்சி 137, அவர் கட்சி 121, இரண்டாவது இடம்தான், ஆனாலும் கூட்டணி சேர்த்து நவம்பரில் 179 ஓட்டுகளோடு பிரதமராகத் தொடர்ந்தார். அதற்குக் கொடுத்த விலை, கேட்டலோனியப் பிரிவினைத் தலைவர்களுக்குப் பொதுமன்னிப்பு. தேர்தலுக்கு முன்னால் அவர் தரப்பே அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவந்த ஒன்று அது. நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். பதவியைத் தக்கவைத்தார், பேச்சின் மேல் இருந்த நம்பிக்கையைச் செலவழித்தார் என்றுதான் நான் கணக்கு எழுதுவேன்.

ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்வது

நான் தேர்ந்தெடுப்பது இதை. இதற்கு நல்ல உதாரணம் சிங்கப்பூர், 2011லிருந்து 2015 வரை.

2011 மே 7 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி 87ல் 81 இடங்கள் ஜெயித்தது. வேறு எங்கேயாவது இதைத் தோல்வி என்றால் சிரிப்பார்கள். ஆனால் வாக்கு 60.1 சதவீதம், சுதந்திரத்துக்குப் பிறகு அதுவரை கண்டிராத குறைவு, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜுனிட் குழுத் தொகுதியோடு வெளியுறவு அமைச்சரே தோற்றார். வீட்டு விலை, ரயிலில் நெரிசல், வெளிநாட்டினர் வருகை, அமைச்சர்களின் மிகப்பெரிய சம்பளம் என்று மக்கள் குறைகளைப் பெயர் சொல்லியே சொல்லியிருந்தார்கள். பிரதமர் லீ சியன் லூங் வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்னால் பொதுக்கூட்டத்தில், சரியாகச் செய்யாதவற்றுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார். ஓட்டுச் சரிவு அதனால் நின்றுவிடவில்லை. மன்னிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

பிறகு செய்ததுதான் விஷயம். ஒரே வாரத்தில் நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் யூவும் இரண்டாவது பிரதமர் கோ சோக் டோங்கும் அமைச்சரவையிலிருந்து விலகினார்கள். வீட்டுவசதி, போக்குவரத்துத் துறைகளின் அமைச்சர்கள் போனார்கள், மேக்மில்லன் செய்ததுபோல முகம் மட்டும் மாறவில்லை, துறைகளின் போக்கும் சேர்ந்து மாறியது. வீடு கட்டும் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், அரசுப் பணத்தில் நூற்றுக்கணக்கான புதிய பேருந்துகள் வந்தன, வெளிநாட்டுப் பணியாளர் சேர்க்கையை இறுக்கினார்கள். அமைச்சர்களின் சம்பளத்தைப் பார்க்க ஒரு குழு அமைத்து, அது 2012 ஜனவரியில் சொன்னபடி பிரதமரின் சம்பளமே 36 சதவீதம் குறைந்தது. குறைத்த பிறகும் உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் தலைவர்களில் ஒருவராகத்தான் அவர் இருந்தார், ஆனாலும் புகார் எதுவோ அதற்கு நேராக, தன் சொந்தப் பையிலிருந்து விட்டுக்கொடுத்தார். 2012லிருந்து ஏறத்தாழ ஒரு வருடம், 47,000 பேர்வரை கலந்துகொண்ட உரையாடல் கூட்டங்கள் நடந்தன. 2014ல் முதல் தலைமுறை முதியோருக்கு 800 கோடி சிங்கப்பூர் டாலரில் மருத்துவ உதவித் திட்டம், நிதியை முன்கூட்டியே ஒதுக்கிவைத்து.

நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. 2012ல் ஹவ்காங் இடைத்தேர்தலில் தோற்றார்கள். 2013 ஜனவரியில் புங்கோல் ஈஸ்ட் தொகுதியையும் பறிகொடுத்தார்கள். வேலை ஆரம்பித்து இருபது மாதம் ஆகியும் மக்கள் நம்பவில்லை. மற்ற எந்தத் தலைவராக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் 'இவ்வளவு செய்தும் நன்றியில்லை' என்று பாதையை மாற்றியிருப்பார். வீடுகள் கட்டி முடிய மூன்று நான்கு வருடம் ஆகும், சாவி கைக்கு வரும்வரை அது வெறும் அறிவிப்புதான் என்பதைப் புரிந்துகொண்டு பொறுத்திருந்தார்கள். 2015 செப்டம்பரில் 69.9 சதவீதம் வந்தது.

அந்த வருடம் லீ குவான் யூ மறைந்ததும், நாட்டின் ஐம்பதாவது ஆண்டுக் கொண்டாட்டமும் ஓட்டில் பெரிய பங்கு வகித்தன. அங்கே எதிர்க்கட்சிக்குச் சமமான களம் இல்லை என்ற விமர்சனமும் நியாயமானது. 2020ல் மறுபடி 61.2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆகவே இது கைகண்ட மருந்து என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வழிகளிலும், குறை சொன்னவர் தான் சொன்ன குறையைத் தேடிப் பார்த்து அது சரியானதைக் கண்ணால் காணக்கூடிய ஒரே வழி இதுதான்.

எப்போது எதை எடுப்பது

கையில் மூன்று வருடம் இருந்தால் தயங்கவே வேண்டாம், கடைசி வழிதான். இரண்டு வருடத்துக்கும் குறைவு என்றால், மக்கள் அதிகம் வெறுக்கும் ஒரே ஒரு முடிவை, காரணம் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசி வாபஸ் வாங்கிவிட்டு, அதற்குப் பொறுப்பான அமைச்சரையும் மாற்றலாம். சில மாதம்தான் இருக்கிறது என்றால் நம்பிக்கையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், நடந்துகொண்டிருக்கும் வேலைகளை ஒழுங்காக முடிப்பது மேல். அந்த நேரத்தில் வரும் மன்னிப்பும் திட்டமும் ஓட்டுக்காக என்றே படிக்கப்படும், தோற்ற பிறகு மீண்டு வரவும் அது இடைஞ்சல்.

ஊழல் புகாரில் போன நம்பிக்கைக்கு இந்தக் கால அட்டவணை பொருந்தாது. அங்கே முதல் நாளே சொந்த ஆட்கள் மேல் சுதந்திரமான விசாரணை வேண்டும். இலங்கையில் 2015ல் நல்லாட்சி என்று சொல்லி வந்த சிறிசேன-ரணில் அரசு, மத்திய வங்கிப் பிணைமுறி (அரசுக் கடன்பத்திர) விவகாரத்தில் பெயர் கெட்டு, 2018 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் ராஜபக்ச அணியிடம் தோற்றதும், ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். அக்டோபரில் ஜனாதிபதி பிரதமரைப் பதவிநீக்கி அதே ராஜபக்சவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார், உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. மாற்றம் வரும் என்று அந்த ஆட்சிக்கு நம்பி ஓட்டுப் போட்ட தமிழர்களுக்கு அதில் மிஞ்சியது என்ன என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

எந்த வழியை எடுத்தாலும் முதல் வாரத்து வேலை ஒன்றுதான். உளவுத்துறை அறிக்கையையும் மாவட்டச் செயலாளர்கள் சொல்வதையும் ஓரமாக வைத்துவிட்டு, போன தேர்தலில் ஓட்டுப் போட்டு இந்தத் தேர்தலில் போடாமல் போனவர்கள் எந்த வாக்குச்சாவடிகளில் அதிகம் என்று பார்த்து, அங்கே கொடியும் மேடையும் மாலையும் இல்லாமல் போய் உட்கார வேண்டும், பதில் சொல்லாமல் கேட்க வேண்டும். கேட்டதைப் பட்டியலாக்கி, எதை எந்தத் தேதிக்குள் செய்வோம் என்று எழுதி எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், செய்ய முடியாதவற்றையும் அதே பட்டியலில், ஏன் முடியாது என்ற காரணத்தோடு.